கருப்பை போனால் ஹார்மோனும் போகுமா?

1775-ஆம் ஆண்டு லண்டனில் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர் வெளியிட்ட நூலில் ஒரு பெண்ணைப் பற்றிய சிறு குறிப்பு உள்ளது. அவருக்கு வயது சுமார் 23. வீட்டு வேலை செய்து பிழைத்தவர். இரு தொடையிடுக்குகளிலும் வீக்கம். குனிந்து நிமிர முடியாத வலி. செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனையில் பாட் அவ்விடங்களைத் திறந்து பார்த்தபோது, குடலிறக்கம் போல வெளித்தள்ளி வந்திருந்தவை இரண்டு சூலகங்கள் என்று கண்டார். அவற்றை அகற்றினார். பெண் நலமடைந்தார். ஆனால் உடல் மெலிந்தது, மார்பகங்கள் சிறுத்தன, மாதவிடாய் மீண்டும் வரவே இல்லை.

இதில் வியப்பு என்ன? அவருடைய கருப்பையைக் கத்தி தொடவே இல்லை. அது இருந்த இடத்திலேயே இருந்தது. பிறகு மாதவிடாய் ஏன் நின்றது?

இந்தக் கேள்விக்கு விடை கிடைக்க நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. கருப்பை அகற்றப்படும் பெண் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி அந்த விடையில்தான் அடங்கியிருக்கிறது.

கத்தி முந்தியது

அறிவு வளரும் முன்பே அறுவை வளர்ந்துவிட்டது. 1853-இல் அமெரிக்காவின் லோவெல் நகரில் வால்ட்டர் பர்ன்ஹாம், சூலகக் கட்டி என எண்ணி ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்தார். இருந்ததோ கருப்பைக் கட்டி. கருப்பையை அகற்றினார்; பெண் பிழைத்துக் கொண்டார். வயிற்றின் வழியாகக் கருப்பை எடுக்கப்பட்டு உயிர் தப்பியவர்களில் முதல்வராக அவர் குறிப்பிடப்படுகிறார்.

1872-இல் வேறொரு வழக்கம் தொடங்கியது. அமெரிக்காவில் ராபர்ட் பேட்டி, இங்கிலாந்தில் லாசன் டெய்ட், ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஹேகார் ஆகிய மூவரும் அதே ஆண்டில், தனித்தனியே, கட்டி ஏதுமில்லாத சூலகங்களை அகற்றினர். பின்னர் இம்முறை பரவி, மாதவிடாய் வலிக்கும், வலிப்புக்கும், மனக்கோளாறு எனக் கருதப்பட்டவற்றுக்கும்கூட சூலகங்கள் எடுக்கப்பட்டன. எடுக்கப்படும் உறுப்பு உடலுக்கு என்ன செய்கிறது என்பது எடுத்தவர்களுக்கே தெரியாது!

முயலும் குரங்கும் சொன்னவை

சூலகம் நரம்புகளின் வழியாகவே கருப்பையை இயக்குகிறது என்று அந்நாளில் பலர் நம்பினர். வியன்னா நகரின் எமில் க்னாவர் 1896-இல் இதைச் சோதித்தார். முயல்களின் சூலகங்களை அறுத்தெடுத்து, அவற்றின் உடலிலேயே வேறோரிடத்தில் பதியவைத்தார். பழைய நரம்புத் தொடர்பு அறுந்துவிட்டது. ஆயினும் கருப்பை சுருங்கவில்லை. அதே நகரின் யோசப் ஹால்பன் குரங்குகளில் இதைச் செய்தபோது மாதவிடாயும் தொடர்ந்தது. பதியவைத்த சூலகத்தையும் நீக்கியதும் அது நின்றது.

ஆகவே, சூலகம் ஏதோ ஒரு பொருளை இரத்தத்தில் கலக்கிறது என்பது உறுதியாயிற்று. இத்தகைய பொருள்களுக்கு 1905-இல் ஸ்டார்லிங் ‘ஹார்மோன்’ என்ற பெயரை வழங்கினார். 1923-இல் எட்கர் ஆலன், எட்வர்ட் டாய்சி இருவரும் பன்றிச் சூலகத்தின் நீரில் அதன் செயலைக் காட்டினர். 1929-இல் டாய்சியும் ஜெர்மனியின் பூட்டனாண்ட்டும் தனித்தனியே ஈஸ்ட்ரோன் என்னும் ஹார்மோனைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர்.

பாட் கண்ட புதிர் இப்போது அவிழ்ந்தது. ஈஸ்ட்ரோஜன் கருப்பையின் உட்சவ்வைத் தடிக்கச் செய்கிறது. புரோஜெஸ்ட்டிரோன் அதைப் பக்குவப்படுத்துகிறது. கரு உண்டாகாவிடில் இவ்விரு ஹார்மோன்களும் குறைகின்றன, சவ்வு உதிர்கிறது. அதுவே மாதவிடாய். கட்டளை சூலகத்திலிருந்து வருகிறது. கருப்பை அதற்கேற்ப நடக்கிறது.

இரு வேறு நிறுத்தங்கள்

கருப்பை மட்டும் அகற்றப்பட்டால், உதிர்வதற்குச் சவ்வு இல்லை. எனவே மாதவிடாய் இல்லை. “கெட்ட இரத்தம் உள்ளே தேங்கிவிடுமோ?” என்று சிலர் அஞ்சுவதுண்டு. தேங்குவதற்கு எதுவும் உண்டாவதே இல்லை. சூலகங்கள் ஹார்மோன்களைத் தொடர்ந்து சுரக்கும். வெளிப்படும் முட்டையை உடலே உட்கிரகித்துக்கொள்ளும். மாதந்தோறும் மார்பக வலியும் மனச் சோர்வும் முன்போல் வந்து போகலாம். சூலகச் செயல் நிற்கும் வயது சிலருக்கு ஓரிரண்டு ஆண்டுகள் முந்தலாம்.

சூலகங்களும் எடுக்கப்பட்டால் நிலைமை வேறு. இயற்கையில் பல ஆண்டுகளில் நிகழும் மாற்றம் சில நாட்களில் நிகழ்ந்துவிடும். திடீர் உடல் தகிப்பு, இரவில் வியர்வை, தூக்கமின்மை, பிறப்புறுப்பில் வறட்சி ஆகியவை தோன்றும், எலும்பும் வலுவிழக்கும். இளம் வயதினர்க்குத் துன்பம் மிகுதி.

அறுவைக்குப் பின் சில வாரங்கள் சிறிது இரத்தக் கசிவு இருப்பது இயல்பு. கருப்பைக் கழுத்தை விட்டுவைத்திருந்தால் மாதந்தோறும் சிறு கசிவு தோன்றக்கூடும். அவர்கள் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனையையும் தொடர வேண்டும். மற்றபடி, ஆறிய பின்பு இரத்தம் கண்டால் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

மருந்து கற்பித்த பாடம்

1942-இல் அமெரிக்காவில் சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த ஈஸ்ட்ரோஜன் மாத்திரை விற்பனைக்கு வந்தது. அதைத் தனியே உட்கொண்டால் கருப்பை உட்சவ்வில் புற்றுநோய் மிகுகிறது என்பதை 1975-இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஆகவே புரோஜெஸ்ட்டிரோன் வகை மருந்தும் சேர்க்கப்பட்டது. கருப்பை இல்லாதவர்க்குப் பொதுவாக அது தேவையில்லை. அத்தகைய 10,739 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வு 2004-இல் நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜன் தனியே உண்டோரிடம் பக்கவாதம் சற்று மிகுந்தது. இடுப்பெலும்பு முறிவு குறைந்தது. மார்பகப் புற்றுநோய் மிகவில்லை. அவர்கள் 50 வயதைக் கடந்தோர் என்பதை மறத்தல் கூடாது. இளமையிலேயே சூலகங்களை இழந்தவர்க்கு, தடையேதும் இல்லையெனில், இயற்கையாக மாதவிடாய் நிற்கும் வயது வரை ஹார்மோன் தருவதை மருத்துவர்கள் இன்று பரிந்துரைக்கின்றனர்.

கேட்க வேண்டிய கேள்வி

“கருப்பையோடு சூலகங்களையும் எடுத்துவிட்டால் பின்னாளில் அங்கே புற்றுநோய் வராதே” என்ற எண்ணம் நெடுநாள் நிலவியது. 29,380 செவிலியரைப் பற்றி 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்தது. சூலகங்கள் எடுக்கப்பட்டோரிடம் அப்புற்றுநோய் குறைந்தது மெய்யே. ஆனால் இதய நோயும் மொத்த இறப்பும் மிகுந்திருந்தன. பரம்பரையாகப் புற்றுநோய் அபாயம் உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு.

எனவே அறுவைக்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்: “சூலகங்களையும் எடுப்பீர்களா? எடுப்பதானால் ஏன்?” அறுவை முடிந்தபின் எவை எடுக்கப்பட்டன என்பதை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாட் கண்ட அந்தப் பணிப்பெண்ணிடம் இதைச் சொல்வதற்கு அன்று எவருக்கும் தெரியாது. இன்று தெரியும்.