குழந்தைகளுக்குப் பறவைகளைச் சொல்லிக் கொடுப்பது எப்படி? வேடந்தாங்கல் தரும் பாடம்!

சார்ட்டில் மயில், கிளி, பென்குயின் என வரிசையாகக் காட்டினால் குழந்தைகள் டக்குனு பேர் சொல்லிடுவாங்க. ஆனா அது எங்கே தங்கும், என்ன சாப்பிடும்னு கேட்டால் பதில் வராது. பறவையை அதன் இடத்தோடு சேர்த்துச் சொன்னால்தான் மனசில் நிற்கும். அதுக்குச் சரியான இடம், சென்னையில் இருந்து சுமார் 80 கி.மீ. தொலைவில் உள்ள வேடந்தாங்கல்.

அலகில் இருந்து தொடங்குங்க

தமிழ்ப் பெயர்களே பாதிப் பாடத்தை நடத்திடும். கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை... இதுக்கு மேல விளக்கம் வேணுமா என்ன? கரண்டிவாயன் அலகை இடதும் வலதுமாக வீசி, ஆழமில்லாத தண்ணீரைத் துழாவும். அரிவாள் மூக்கன் வளைந்த அலகைச் சேற்றுக்குள் விட்டு இரை தேடும். நத்தைகுத்தி நாரை அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கும். குஞ்சுக்கு அது இருக்காது. வளர வளரத்தான் வரும். நத்தைக்காக இது பக்கத்து வயல்களுக்கும் போகும். அதாவது ஏரி மட்டும் இருந்தால் போதாது, வயலும் வேணும்.

பாம்புத்தாராவைக் கண்டிப்பாகக் காட்டுங்க. கழுத்து மட்டும் வெளியே தெரிய நீந்தும். பார்க்க பாம்பு மாதிரியே இருக்கும். முங்கி மீன் பிடிப்பதால் இறகு நல்லா நனைஞ்சிடும். அப்புறம் கிளையில் உட்கார்ந்து இறக்கையை விரித்துக் காய வைக்கும். 'அந்த மரத்தை வெட்டிட்டா இது எங்கே காய வைக்கும்?' என்று கேட்டுப் பாருங்க. வாழிடம் என்றால் என்னன்னு குழந்தைக்கே புரிஞ்சிடும்.

ஊர்மக்கள் ஏன் காத்தாங்க?

சுமார் 30 ஹெக்டேர்தான் இந்த ஏரி. தண்ணீருக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டினால் நாய், பூனை தொல்லை குறைவு. பறவைகளின் எச்சம் ஏரியில் கலக்க, அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்கு அதுவே உரம். அதனால் பறவைகளைச் சுட வந்தவர்களை ஊர்மக்கள் எதிர்த்தாங்க. 1798-ல் அப்போதைய செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ், அவர்களின் உரிமையை எழுத்துபூர்வமாக அங்கீகரித்தார். 2022-ல் ராம்சர் அந்தஸ்தும் கிடைத்தது. ஆனா மழை பொய்த்து ஏரி வற்றினால் பறவை வரத்தும் குறைஞ்சிடும். எந்த அந்தஸ்தாலும் அதைத் தடுக்க முடியாது.

எப்போ போகலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல சீசன். இரை தேடப் போன பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும் மாலை நேரம் பெஸ்ட். போக முடியாதவர்கள் பக்கத்து ஏரி, குளத்துக்கே போகலாம். ஒரு நோட்டில் பறவையின் பெயர், நின்ற இடம், செய்த வேலை என மூன்றை மட்டும் எழுதச் சொல்லுங்க. பெயர் தெரியாவிட்டால் படம் வரையட்டும்.

பச்சைக்கிளியை வாங்கிக் கூண்டில் வைத்துக் காட்டலாம்னு நினைக்காதீங்க. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கூட்டுக்குப் பக்கத்தில் போய் செல்ஃபியும் வேண்டாம். பயந்து தாய்ப்பறவை எழுந்து போனால், அந்தக் கொஞ்ச நேரத்தில் காக்கா முட்டையைத் தூக்கிட்டுப் போயிடும்.