கரையும் கோயிலும் கடம்பும்

மதுராந்தகத்தில் ஏரி காத்த பெருமாள் காட்சி தந்த மழையிரவை இம்மலரின் வாசகர்களுக்கு மீண்டும் சொல்ல வேண்டியதில்லை. தாயார் சன்னிதியில், அக்காட்சியைக் கண்ட கலெக்டர் லேயனெல் பிளேஸ் துரையின் பெயர் தாங்கிய தமிழ்க் கல்வெட்டையும் அடியார்கள் அறிவார்கள். அதே துரையின் பெயர் இன்னோர் ஏரிக்கரையிலும் வழங்குகிறது. இக்கட்டுரை அந்த ஏரியைப் பற்றியது.

அந்த ஏரி உள்ள ஊர் வேடந்தாங்கல். தொண்டை நாட்டில் ‘தாங்கல்’ என்றாலே சிற்றேரி. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது ஊரார் அந்தக் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமை அவர்களுக்கு எழுத்தில் கிடைத்தது. 1858-இல் அது புதுப்பிக்கப்பட்டது. ஊரார் இரக்கத்தால் மட்டும் அப்படிச் செய்யவில்லை. மழைக்காலத்தில் கடம்ப மரங்கள் பாதி நீருக்குள் நிற்கும். நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் அரிவாள்மூக்கனும் அவற்றில் கூடு கட்டும். சுண்ணாம்பு தெளித்தாற்போல் இலையெல்லாம் எச்சம். அது கரைந்த நீர் மதகு வழியே வயலில் பாயும்போது எருவும் சேர்ந்தே பாய்கிறது. இதை உழவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள்.

நீரையும் மரத்தையும் ஒன்றாகப் பார்க்கும் இந்தக் கண் தமிழுக்குப் பழையது. சமணச் சான்றோரான காரியாசான் தம் சிறுபஞ்சமூலத்தில், இன்பமாய்ச் சுவர்க்கம் புகுகிறவனுக்கு ஐந்து செயல்களைச் சொல்கிறார்: குளம் தோண்டுவது, அதைச் சுற்றி மரக்கிளை நடுவது, மக்கள் நடக்க வழி திருத்துவது, தரிசை உழுவயல் ஆக்குவது, கிணறு எடுப்பது. குளத்துக்கு அடுத்த இடம் மரத்துக்கு! வயலும் கிணறும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. அந்த வரிசையே ஓர் ஏரியின் முழுத் திட்டம்.

மதுராந்தகத்துக்கு அண்மையிலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) இந்தப் பார்வையை ஆட்சிமுறையாகவே காட்டுகின்றன. குடவோலையில் தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். தோட்டமும் ஏரியும் பார்த்துப் பழகிய, கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களே சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு உரியவர்கள். மண்ணையும் நீரையும் காத்தவருக்கே ஊரை ஆளும் தகுதி என்று விதித்த முன்னோரை எண்ணினால் நெஞ்சு நிமிர்கிறது.

இன்று கோயில் ஒரு துறைக்கு, ஏரி ஒரு துறைக்கு, பறவை ஒரு துறைக்கு. வேடந்தாங்கலும் அதன் அண்டையிலுள்ள கரிக்கிலியும் 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது பெருமைதான். ஆனால் பட்டியல் வரத்துக்கால்களைத் தூர்வாராது. உடையவரான இராமானுஜருக்கு மகிழ மரத்தடியில் பெரிய நம்பிகள் பஞ்ச சம்ஸ்காரம் செய்தருளிய தலம் மதுராந்தகம். இங்கே மரம் நடுவதும் கைங்கரியமே. ஐப்பசி மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடியார்கள் மண்வெட்டியோடு தத்தம் ஊர் ஏரிக்கு வர வேண்டும். வரத்துக்காலில் மண்டிய சீமைக்கருவேலத்தை வேரோடு எடுத்து, நீர் நிற்கும் விளிம்பில் ஆளுக்கொரு கடம்பங்கன்று நட வேண்டும்.