பறம்பு நாட்டு உழவு

மேனாட்டுக் கவிதையில் பழகியோர் ஆர்க்கேடியா என்ற பெயரைக் கேட்டவுடன் பசும்புல்வெளியையும் குழலூதும் இடையரையும் கவலையறியா வாழ்வையுமே நினைப்பர். அது பெரும்பாலும் உரோமக் கவிஞர் வர்ஜில் படைத்த நாடு. கிரேக்கத்தின் தென்பகுதியில் உண்மையாக இருந்த ஆர்க்கேடியாவோ கரடுமுரடான மலைநாடு. அங்கேயே பிறந்த வரலாற்றாசிரியர் பொலிபியஸ், குளிரும் மங்கலும் மிக்க தம் நாட்டில் மக்களின் இயல்பு கடுமையாகிவிடாதிருக்கவே முன்னோர் இசைப்பயிற்சியைக் கட்டாயமாக்கினர் என்று எழுதுகின்றார். பாட்டில் உள்ள நாடு வேறு, மண்ணில் இருந்த நாடு வேறு.

தமிழில் இதற்கு இணை காட்ட வேண்டுமாயின் பாரியின் பறம்பு நாட்டையே காட்டுதல் வேண்டும். சங்கப் பாடல்களின் இயற்கையைக் கிரேக்க, இலத்தீன் கவிதைகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்த தனிநாயக அடிகளார், 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராயிருந்து, 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தியவர். ஆதலின் இத்தகைய ஒப்பீடு இந்நகருக்குப் புதிதன்று. பறம்பும் இங்குள்ளோர்க்கு மிகத் தொலைவான இடமன்று. லெபோ அம்பாங்கில் கடை வைத்திருந்த நகரத்தாரின் செட்டிநாட்டுக்கு அருகே, இன்றைய சிவகங்கை மாவட்டத்திலுள்ள பிரான்மலையே பறம்பு என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கொள்கை.

மூவேந்தரும் பறம்பை முற்றுகையிட்டபோது கபிலர் பாடிய பாட்டு யாவரும் அறிந்ததே. புறநானூற்றில் அது 109ஆம் செய்யுள். உழவரின் உழைப்பின்றியே அம்மலையில் மூங்கில் நெல்லும் பலாப்பழமும் வள்ளிக்கிழங்கும் தேனும் கிடைக்கின்றன. சுனைகளோ வானத்து மீன்களைப் போன்றன. வாளால் இதனைக் கொள்ள இயலாது, யாழ் மீட்டிப் பாடி வந்தால் பாரி நாட்டையும் மலையையும் சேர்த்தே தருவான் என்கிறார் புலவர். இதனைப் படித்தோர் பறம்பை ஏர் தொடாத இன்ப நாடாகவே எண்ணிவிடுகின்றனர். பள்ளிப் பாடங்களிலும் இவ்வெண்ணமே நிலைத்துவிட்டது.

ஆயின் அப்பாட்டு யாரை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதைக் கருதல் வேண்டும். வாயில் அடைத்து உணவை நிறுத்தினால் மலை பணிந்துவிடும் என்று காத்திருக்கும் பகைவர்க்கு, "எம்மிடம் உணவு தீராது" என்று விடுக்கும் அறைகூவல் அது. நாட்டின் விளைச்சல் கணக்கன்று. முற்றுகைக் காலத்தில் தொலைவிலிருந்து நெற்கதிர்கள் கொணரப்பட்ட செய்தியை அகநானூற்றில் நக்கீரர் குறிக்கின்றார்; அவற்றைக் கொணர்ந்தவை கிளிகள் என்பது வழக்கு. கிளிகளை நம்பலாம், நம்பாதும் விடலாம். நெல் வெளியிலிருந்து வரவேண்டியிருந்தது என்பதே நமக்கு வேண்டுவது.

பாரி மாய்ந்தபின் கபிலர் பாடிய கையறுநிலைப் பாடல்களிலேதான் உண்மைப் பறம்பு வெளிப்படுகிறது. 120ஆம் செய்யுளைப் பாருங்கள். வேங்கை மரங்கள் நின்ற செம்மண் மேடு, கார்மழையின் ஈரம், புழுதி கலங்கப் பலமுறை உழவு, பின்பு விதைப்பு, பல்லி என்னும் கருவி கொண்டு நிலத்தைக் கிளறுதல், களை பறித்தல். இத்தனையும் ஆனபின்பே வரகு விளைகிறது, தினை கொய்யப்படுகிறது, எள்ளின் இளங்காய் கறுக்கிறது, அவரை பறிக்கும் பருவம் அடைகிறது. புல் வேய்ந்த குடிசைகளில், நிலத்தில் புதைத்து முதிர்ந்த கள்ளைப் பகிர்கின்றனர். நெய்யில் கடலை துள்ளுகிறது. (கடலை என்றவுடன் நிலக்கடலையை நினைக்க வேண்டா, அது தென்னமெரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த பயிர்.) புன்செய் வேளாண்மையின் படிமுறைகளை இத்துணை வரிசையாகச் சொல்லும் சங்கச் செய்யுள்கள் அரிய. நாடு கையிலிருந்தபோது உழவரே இல்லை என்று பாடிய அதே புலவர், நாடு போனபின் உழவரின் கையசைவு ஒவ்வொன்றையும் நினைந்து பாடுகின்றார்.

பறம்பு நாட்டில் 300 ஊர்கள் இருந்தன என்றும், அவற்றைப் பரிசிலர் முன்பே பெற்றுவிட்டனர் என்றும் 110ஆம் செய்யுள் கூறும். பாரியின் கொடைக்கு அது சான்று. ஆயினும் அவ்வூர்களில் வரகு விதைத்தவர் யார், கைமாறியபின் அவர் நிலை யாது என்று கேட்போர் குறைவு. 118ஆம் செய்யுள் சற்றே விடை தருகிறது. பாறையும் குன்றும் சேர்ந்த இடத்தில், எட்டாம் நாட் பிறையைப் போல் வளைந்த கரையுடைய தெளிந்த நீர்ச் சிறுகுளம் ஒன்று. சுனை இயற்கை தந்தது. குளத்தின் கரையோ மக்கள் கட்டியது, ஆண்டுதோறும் காக்கப்படவேண்டியது. பாரி போனபின், காப்பாரின்றி அக்கரை உடைகிறது.