‘அலுவல்சார்’ என்னும் அடைமொழி

1787இல் இயற்றப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு, அவையில் ஆற்றிய உரைக்காகக் காங்கிரஸ் உறுப்பினரைப் பிறிதோரிடத்தில் வினவலாகாது என்று வெளிப்படையாக விதிக்கிறது. அதிபருக்கு அத்தகைய விலக்குரிமை எதனையும் அது எழுதிவைக்கவில்லை. அந்த மௌனத்தை நிரப்பியவை உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளே. அவ்வரலாற்றைப் பயில்வோர், சட்டத்துக்கு மேற்பட்டவர் எவருமில்லை என்னும் பொதுக்கூற்றைவிட, ‘அலுவல்சார்’ என்னும் ஓர் அடைமொழி வளர்ந்த விதத்தையே கூர்ந்து நோக்க வேண்டும்.

வாட்டர்கேட் வழக்கில் வெள்ளை மாளிகையின் ஒலிநாடாக்களை ஒப்படைக்குமாறு சிறப்பு வழக்குரைஞர் லியோன் ஜவோர்ஸ்கி கோரினார். ஆலோசகர்களுடன் அதிபர் நடத்தும் உரையாடல் மறைவாகக் காக்கப்பட வேண்டியது என்பது நிக்சன் தரப்பின் வாதம். 1974 ஜூலை 24 அன்று, வழக்கைக் கேட்ட நீதிபதிகள் எண்மரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர்: அவ்வுரிமை உண்டு, ஆயினும் குற்ற வழக்கின் சான்றுத் தேவைக்கு அது வழிவிட வேண்டும். பதினாறு நாள்களில் நிக்சன் பதவி விலகினார். செப்டம்பர் 8 அன்று அதிபர் ஃபோர்டு அவருக்கு முழு மன்னிப்பு வழங்கினார்.

அடைமொழி நிலைபெற்றது 1982இல். விமானப்படையின் செலவு ஆய்வாளரான எர்னஸ்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு, சி-5ஏ சரக்கு விமானத் திட்டத்தின் மிகைச்செலவை 1968இல் காங்கிரஸ் குழுவின்முன் வெளிப்படுத்திப் பின்னர் வேலை இழந்தவர். அவர் நிக்சன்மீது இழப்பீட்டு வழக்குத் தொடுத்தார். அலுவல்சார் பொறுப்பின் வெளிவிளிம்பு வரையிலான செயல்களுக்காக அதிபரிடம் இழப்பீடு கோர இயலாது என 5–4 பெரும்பான்மையில் முடிவாயிற்று. அது உரிமையியல் வழக்குகளுக்கு மட்டுமே உரிய வேலி.

1997இல் பாலா ஜோன்ஸ் தொடுத்த வழக்கில் அதே அடைமொழி அதிபருக்கு எதிராக நின்றது. பதவி ஏற்குமுன் நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட செயல் அலுவல்சார்ந்தது அன்று. ஆகவே கிளிண்டனின் பதவிக்காலம் முடியும்வரை வழக்கை நிறுத்திவைக்க வேண்டியதில்லை என ஒன்பது நீதிபதிகளும் தீர்த்தனர்.

2024 ஜூலை 1 அன்று, டிரம்ப் வழக்கில் அவ்வேலி குற்றவியலுக்குள் நகர்ந்தது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய 6–3 தீர்ப்பு, அதிபரின் செயல்களை மூன்றாகப் பகுத்தது. அரசியலமைப்பு அவருக்கே அளித்த மைய அதிகாரங்களுக்கு முழு விலக்கு. ஏனைய அலுவல்சார் செயல்களுக்குக் குறைந்தது, மறுக்கத்தக்க அனுமானமாக ஒரு விலக்கு. அலுவல்சாராச் செயல்களுக்கு விலக்கில்லை. நீதித்துறை அமைச்சக அதிகாரிகளுடன் டிரம்ப் நடத்திய ஆலோசனைகள் முதல் வகையில் சேர்ந்தன. எல்லைகளை வகுக்கையில் அதிபரின் நோக்கத்தை ஆராயலாகாது என்றும் தீர்ப்பு கூறியது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி சோட்டோமயோர், ஃபோர்டின் மன்னிப்பை நினைவூட்டினார்: முன்னாள் அதிபர்மீது குற்ற வழக்கு தொடரலாம் என்ற புரிதலின்றி அம்மன்னிப்புக்குப் பொருளில்லை.

நோக்கம் பற்றிய அவ்விதியின் கனத்தை உணர, 1974இல் வெளிவந்த ஒலிநாடாக்களுக்கே திரும்பலாம். 1972 ஜூன் 23 அன்று பதிவான உரையாடலில், சி.ஐ.ஏ. வாயிலாக எஃப்.பி.ஐ. விசாரணையைத் தடுக்கும் யோசனைக்கு நிக்சன் உடன்படுகிறார். அரசு அமைப்புகளுக்கு அறிவுறுத்துவது வடிவத்தில் அலுவல்சார் செயலே. அதனைக் குற்றமாகக் காட்டியது அதன் நோக்கம். அந்நோக்கத்தின் சான்றை அன்று வெளிக்கொணர்ந்த நீதிமன்றமே, ஐம்பது ஆண்டுகள் கழித்து, நோக்கத்தை வினவ வேண்டாம் என்கிறது.