சக்கரமும் மீஸானும்: அம்பத்தூர், ஆவடி வரலாறு தரும் பாடம்

அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தின் கடந்த 170 ஆண்டு வரலாற்றைச் சக்கரத்தின் வரலாறு எனலாம். அதனுள் ஈர்ப்பு, உராய்வு என்னும் இரண்டு விசைகளின் கதையும் அடங்கியிருக்கிறது.

1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ஓடத் தொடங்கியது. அப்பாதை நமது ஊர்களின் வழியே சென்றது. அதுவரை பட்டணத்திற்குச் சரக்கு சுமந்தது மாட்டு வண்டி. ஈர்ப்பு விசை பாரத்தைக் கீழே இழுக்க, மண்பாதையில் சக்கரம் புதையும். மாடுகளின் உழைப்பில் பெரும்பங்கு அந்த மண்ணுக்கே செலவாயிற்று. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் புதைவதில்லை. ஆயிரம் கிலோ எடையுள்ள பெட்டியைச் சமதரையில் உருட்டிச் செல்ல, இரண்டு மூன்று கிலோவைத் தூக்கும் அளவு விசையே போதும்.

ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலையுண்டு. பிடிப்புக் குறைந்த சக்கரம் எளிதில் ஓடும், எளிதில் நிற்காது. ஓட்டுநர் பிரேக்கை அழுத்திய பின்னும் விரைவு இரயில் பல நூறு மீட்டர் ஓடியே நிற்கும். தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பவரைக் கண்டதும் அவர் நிறுத்திவிடுவார் என்று எண்ணுவது பேதைமை.

ஓடும் பொருள் ஏன் நிற்கிறது என்னும் வினாவை நம் முன்னோர் முன்னரே ஆராய்ந்தனர். எதிர்ப்பு ஏதுமற்ற வெற்றிடத்தில் எறியப்பட்ட பொருளின் இயக்கம் ஓயாது என்று இப்னு ஸீனா (980–1037) வாதிட்டார். அப்படி ஓயாமல் ஓடும் பொருளை எங்கும் காணாததால், வெற்றிடமே இல்லை என்னும் முடிவுக்கு வந்தார். அம்முடிவு பிழையாயினும், பொருளை நிறுத்துவது எதிர்ப்பே என்ற கருத்து ஆழமானது. 1121இல் 'மீஸானுல் ஹிக்மா' என்னும் நூலை எழுதிய அல்காஸினீ, பொருளின் எடை உலகின் மையத்திலிருந்து அதன் தொலைவைப் பொறுத்து மாறும் என்றார்.

மீண்டும் நமது ஊருக்கு வருவோம். 1949இல் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள் நிறுவனம் அம்பத்தூரில் மிதிவண்டிகளைச் செய்தது. அதே ஊரில் டன்லப் டயர் ஆலையும் எழுந்தது. ஒரு மிதிவண்டியைக் கவனியுங்கள். அச்சில் குண்டுகளையும் கிரீஸையும் வைத்து உராய்வைக் குறைக்கிறோம்; பிரேக் கட்டையிலும் டயரிலும் அதே உராய்வைத் தேடிச் சேர்க்கிறோம். 1965இல் ஆவடியில் உருவான விஜயந்தா டாங்கி ஏறத்தாழ 40 டன் எடையுள்ளது. அப்பாரத்தை அகன்ற இரும்புப் பட்டைகளில் பரப்பியதால், மாட்டு வண்டி புதைந்த மண்ணிலும் அது செல்ல முடிந்தது.

உராய்வு பகையும் அன்று, நட்பும் அன்று; அதற்கு ஓர் அளவு உண்டு. வானத்தை உயர்த்தியவன் மீஸானையும் அமைத்தான், அதில் வரம்பு மீறலாகாது என அர்ரஹ்மான் அத்தியாயம் நமக்கு உணர்த்துகிறது. சாலையில் அந்த வரம்பைக் கணக்கிட்டுக் காணலாம். நல்ல டயருடன் உலர்ந்த சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக் பிடித்தபின் சுமார் 5 மீட்டரில் நிற்கும். வேகம் 60 ஆனால் 10 மீட்டர் அன்று, 20 மீட்டர் வேண்டும். மழை நனைத்த சாலையில் அது 35 மீட்டரையும் எட்டும். பள்ளங்கள் தேய்ந்துபோன டயரில் தண்ணீர் விலக வழியின்றி, பிடிப்பு மேலும் குறையும்.

ஃபஜ்ருக்கும் மத்ரஸாவுக்கும் பிள்ளைகளை முன்னும் பின்னும் ஏற்றிச் செல்லும் தந்தையர் நம்மில் எத்தனை பேர்! அப்பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். தேய்ந்த டயரை மாற்றுவதும், மழையில் வேகத்தைக் குறைப்பதும், சிறிது தொலைவாயினும் மேம்பாலத்தில் ஏறித் தண்டவாளத்தைக் கடப்பதும் நம் காலத்தில் ஒட்டகத்தைக் கட்டும் செயல்களே. கட்டிவிட்டு துஆ செய்வோம். அல்லாஹ் நம் பயணங்களைப் பாதுகாப்பானாக, ஆமீன்.