ஏழைப் பசங்களும் பங்குச்சந்தைக்குப் போகலாம்! வழிகாட்டும் நியூயார்க் கல்லூரி

வால் ஸ்ட்ரீட் வேலை பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தானா? இல்லை என்கிறது நியூயார்க் நகரின் பரூக் கல்லூரி. 1847-ல் ஏழைகளுக்காக உருவான இலவச அகாடமி இருந்த அதே இடத்தில்தான் இது இயங்குது. வணிகப் படிப்புக்குப் பேர் போனது. பிழைப்பு தேடி அமெரிக்கா வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஏராளமா படிக்கிறாங்க.

பாடத்தோடு விடுவதில்லை. தனித்தனி மையங்கள் உண்டு. 2000-ல் தொடங்கிய சுபாட்னிக் நிதிச்சேவை மையத்துக்குள் மாதிரி பங்குச்சந்தையே இருக்கு. கம்ப்யூட்டரில் விலைகள் ஓட, மாணவர்கள் வாங்கி விற்றுப் பழகுறாங்க. பணம் போகாது, தொழில் கைக்கு வரும்.

கணக்கில் திணறினால் இலவச டியூஷன் மையம். ஸ்டார் வேலைவாய்ப்பு மையத்தில் பயோடேட்டா எழுதுவது, இன்டர்வியூவில் பதில் சொல்வது எல்லாம் கத்துத் தர்றாங்க. ஆள் எடுக்கும் கம்பெனிகளையும் கல்லூரிக்கே வரவழைக்கிறாங்க.

நகரம் பணமுடையில் சிக்கியதால் 1976-ல் இலவசப் படிப்பு நின்னு போச்சு. இப்போது கட்டணம் உண்டு. வசதி இல்லாதவர்களுக்கு அரசு உதவித்தொகை கிடைக்குது. சிபாரிசுக்கு ஆள் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு, அந்த ஆளாக நிற்பது இந்த மையங்கள்தான்.