கடலுக்கு வேலி வந்த கதை

பனிக்காலம் தொடங்கிவிட்டால் ஸ்காபரோவில் நான் வேலை செய்யும் பயண முகவர் நிலையத்தில் தொலைபேசி ஓயாது. அழைப்பவர்களில் பெரும்பாலானோர் எங்கட ஆக்கள். புன்டா கானா, வரடேரோ, மொன்டேகோ பே என்று ஊர் மாறும். கேள்வி மாறாது: "ஓல் இன்குளூசிவ்தானே?" விமானம், அறை, மூன்று வேளைச் சாப்பாடு, குடிவகை எல்லாம் ஒரே விலைக்குள் அடங்க வேண்டும், அங்கே போய்ப் பணப்பையைத் திறக்கக் கூடாது. சில வருடங்களாக அதோடு இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் சொல்வது: "சத்தமில்லாத இடமாப் பாத்துப் போடுங்கோ, பிள்ளை."

இந்த இரண்டும் இலகுவில் ஒன்றோடொன்று ஒட்டாது என்பது என் சித்தப்பாவால்தான் எனக்கு உறைத்தது. வன்னியில் போரின் கடைசி மாதங்கள் வரை இருந்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தவர். பிள்ளைகள் அவரைப் பெரிய விடுதியொன்றுக்குக் கூட்டிப் போனார்கள். விளம்பரம் அமைதியைத்தான் உறுதி சொல்லியிருந்தது. முதல் இரவே, யாரோ ஒருவரின் கல்யாணத்துக்காகக் கடற்கரையில் வாணவேடிக்கை. சித்தப்பா குளியலறைத் தரையில், சுவரோடு ஒட்டியபடி விடியும்வரை இருந்தாராம்.

அதன் பிறகுதான் இந்தத் தொழிலின் பழைய கதையைத் தேடித் தேடிப் படித்தேன். கரீபியன் கடற்கரைக்கு அமைதி தேடி வந்தவர்கள் ஒரு வழியால் வந்தார்கள். ஒரே விலைக்குள் எல்லாம் என்ற ஏற்பாடு வேறு வழியால், வேறு காரணங்களுக்காக வந்தது.

அமைதி தேடியவர்கள் முந்தியவர்கள். அவர்களில் பலர் நோயாளிகள். 1751இல் ஜோர்ஜ் வாஷிங்டன் தன் அண்ணன் லோரன்சோடு பார்படோசுக்குக் கப்பலேறினார். அண்ணனுக்குக் காசநோய், கடற்காற்று நெஞ்சை ஆற்றும் என்று நம்பினார்கள். அண்ணனுக்குச் சுகம் வரவில்லை. தம்பிக்கு அங்கே பெரியம்மை போட்டு, தேறி வீடு திரும்பினார். வட அமெரிக்கக் கரையை விட்டு அவர் வாழ்நாளில் போன ஒரே பயணம் அதுதான். ஒன்றரை நூற்றாண்டு கழித்தும் அந்த நம்பிக்கை மாறவில்லை. 1906இல் ஜமைக்காவின் மொன்டேகோ பேயில் அலெக்சாண்டர் மக்கட்டி என்ற மருத்துவர் தன் சிறு கடற்கரையை ஒரு நீராடும் சங்கத்துக்குக் கொடுத்தார். 'டொக்டர்ஸ் கேவ்' என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. அந்தத் தண்ணீர் நோய் தீர்க்கும் என்ற பேச்சு 1920களில் இங்கிலாந்து வரை பரவி, குளிர்காலத்தைக் கழிக்க வசதியுள்ள சனம் வரத் தொடங்கியது.

அவர்களை ஏற்றி வந்தவை வாழைப்பழக் கப்பல்கள். 1870இல் லோரன்சோ டவ் பேக்கர் என்ற அமெரிக்கக் கப்பல் தலைவர் ஜமைக்காவிலிருந்து வாழைப்பழம் ஏற்றிப்போய் ஜெர்சி சிற்றியில் விற்றார். அது பெரிய வியாபாரமாக வளர்ந்தது. பழத்தை இறக்கிவிட்டுத் திரும்பும் கப்பலில் இடம் வீணாகக் கிடந்ததால் அதில் ஆட்களை ஏற்றினார்கள். வந்தவர்கள் தங்குவதற்கு போர்ட் அன்டோனியோ என்ற துறைமுக ஊரில் டிச்ஃபீல்ட் ஹோட்டலைக் கட்டியதும் பேக்கரின் வாழைப்பழக் கம்பனிதான்.

எங்கள் கனடாவின் பங்கையும் சொல்ல வேண்டும். இங்கே பலருக்கு இது தெரியாது. நோவா ஸ்கோஷியா வங்கி கிங்ஸ்டன் நகரில் கிளை திறந்தது 1889இல். ரொறன்ரோவில் அதற்கு அப்போது கிளை இல்லை. கிழக்குக் கனடாவின் உப்பிட்ட கொட் மீன் தெற்கே போனது. சீனியும் ரம்மும் வடக்கே வந்தன. ஜமைக்காவில் இன்றும் காலைச் சாப்பாட்டில் அக்கீப் பழத்தோடு அந்த உப்பு மீன்தான். 1928 தொடக்கம் கனடிய அரசின் ஐந்து கப்பல்கள், லேடி நெல்சன், லேடி ஹோக்கின்ஸ், லேடி ட்ரேக், லேடி ரொட்னி, லேடி சோமர்ஸ், பயணிகளையும் சரக்கையும் தீவு தீவாகக் கொண்டு திரிந்தன. கரீபியன் கடலோடு தொடர்புள்ள ஆங்கிலக் கடற்படைத் தளபதிகளின் மனைவிமாரின் பெயர்கள் அவை. லேடி ஹோக்கின்சும் லேடி ட்ரேக்கும் 1942இல் ஜெர்மன் நீர்மூழ்கிகளால் மூழ்கடிக்கப்பட்டன. அந்தப் பயணங்கள் வாரக்கணக்கில் நீண்டவை. மெதுவாகப் போய், மெதுவாக இருந்து, மெதுவாக வருவார்கள். அமைதி என்று தனியாக எதையும் யாரும் விற்க வேண்டியிருக்கவில்லை.

ஒரே விலை ஏற்பாட்டின் பிறப்பு வேறு. 1936இல் பில்லி பட்லின் இங்கிலாந்தின் ஸ்கெக்னஸ் கடற்கரையில் தன் முதல் விடுமுறை முகாமைத் திறந்தார். ஒரு கிழமைச் சம்பளத்துக்கு ஒரு கிழமை விடுமுறை. தங்குமிடம், சாப்பாடு, கேளிக்கை எல்லாம் அதற்குள். காலையில் ஒலிபெருக்கி எழுப்பும். சிவப்பு மேலங்கி போட்ட ஊழியர்கள் விளையாட்டுக்கும் பாட்டுக்கும் இழுத்துப் போவார்கள். தொழிலாளர் குடும்பங்களுக்கு அது பெரிய வரம். தனிமையைத் தேடுகிறவருக்கு அங்கே இடமில்லை. பட்லின் இதையே 1950இல் பஹாமாசில் கிராண்ட் பஹாமா தீவில் நடத்திப் பார்த்தார். ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை.

அதே 1950இல் ஜெரார் பிளிட்ஸ் என்ற பெல்ஜியத்து நீர்ப்பந்து வீரர் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில், இராணுவம் கழித்த கூடாரங்களை அடித்து கிளப் மெடித்தெரானே என்ற முகாமைத் தொடங்கினார். காசுக்கு அங்கே வேலையில்லை. பிற்பாடு குடிவகைக்கு மட்டும், கழுத்து மாலையிலிருந்து மணியைக் கழற்றிக் கொடுக்கும் பழக்கம் வந்தது. இன்று விடுதிகளில் கையில் மாட்டிவிடும் பிளாஸ்ரிக் பட்டிக்கு அதுதான் மூத்தது. 1960களின் கடைசியில் அந்தக் கிளப் கரீபியனில் குவாதலூப், மார்ட்டினிக் என்ற பிரெஞ்சுத் தீவுகளுக்கு வந்தது.

ஆனாலும் இந்த ஒரே விலை ஏற்பாட்டை ஊர் ஊராக நட்டுவிட்டது ஜமைக்கா. 1970களின் நடுவில் அங்கே அரசியல் வன்முறை பெருகியது. 1976 ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்தது. தேர்தல் ஆண்டான 1980இல் மட்டும் 800க்கு மேற்பட்ட கொலைகள். பெரும்பாலானவை தெற்கே கிங்ஸ்டன் பகுதியில். ஹோட்டல்கள் இருந்தது வடக்குக் கரையில், மலைகளுக்கு அப்பால். வெளிநாட்டுப் பத்திரிகை படித்தவருக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அறைகள் வெறிச்சோடின. பல ஹோட்டல்கள் அரசின் கைக்குப் போயின.

அப்போதுதான் ஜோன் இசா என்ற ஹோட்டல் முதலாளி 1976இல் நெக்ரில் பீச் வில்லேஜ் என்ற விடுதியைத் திறந்தார். அவருடைய குடும்பத்துப் பெரியவர் ஏப் இசா ஓச்சோ ரியோசுக்குப் பக்கத்தில் 1949இல் திறந்தது ஹோட்டல் டவர் ஐல். அதை ஜோன் இசா 1978இல் தம்பதிகளுக்கு மட்டுமான 'கப்பிள்ஸ்' விடுதியாக மாற்றினார். சாப்பாடு, மது, விளையாட்டு எல்லாம் முன்கூட்டியே கட்டிய காசுக்குள். 1981இல், குளிரூட்டிகள் விற்றுக்கொண்டிருந்த கோர்டன் 'புட்ச்' ஸ்டூவர்ட் மொன்டேகோ பேயில் சரிந்து கிடந்த பே றொக் ஹோட்டலை வாங்கி சாண்டல்ஸ் என்று பெயரிட்டார். விமான ஓடுபாதைக்குப் பக்கத்துக் காணி அது.

வெளியே போகப் பயந்தவர்களுக்காக எல்லாவற்றையும் உள்ளே கொண்டுவந்தார்கள். வாசலில் காவலாளி நின்றான். பயம் போன பிறகும் மதில் நின்றது. இலாபம் அதற்குள்ளே இருந்ததால்தான் நின்றது என்று நான் நினைக்கிறேன். நட்டம் வெளியில் இருந்தவர்களுக்கு: டாக்சிக்காரர், மரச்சிற்பம் விற்பவர், வீதியோரத்துச் சாப்பாட்டுக் கடைக்காரி. கடலே மதிலுக்குள் போனது இன்னும் பெரிய இழப்பு. ஜமைக்காவின் 1956ஆம் ஆண்டுக் கடற்கரைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கரையையும் கடல் தரையையும் முடியரசின் சொத்தாக்கியது. ஊர்ச் சனத்துக்குக் கடலில் குளிக்கப் பொதுவான உரிமை என்று ஒன்றை அது கொடுக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக நீந்திய குடாவுக்குப் போகும் பாதையில் ஒருநாள் படலை பூட்டியிருப்பதைக் கண்ட ஊர்களில் இன்றுவரை வழக்கும் போராட்டமும் நடக்கின்றன. யாழ்ப்பாணத்துக் கிடுகு வேலியில் அயலவர் வந்துபோக ஒரு பொட்டு இருக்கும். இந்த மதிலில் அதுவும் இல்லை. கியூபாவில் இது இன்னும் கடுமையாக இருந்தது. வரடேரோவில் ஸ்பானியக் கம்பனியோடு கூட்டாகக் கட்டிய விடுதியை 1990இல் பிடல் காஸ்ட்ரோவே திறந்துவைத்தார். சுற்றுலா ஹோட்டல்களில் கியூபாக்காரர் தங்க 2008 வரை அனுமதி இருக்கவில்லை.

அமைதியும் ஒரே விலையும் சேர்ந்து கிடைத்த இடங்கள் இல்லாமல் இல்லை. 1960களின் தொடக்கத்தில் போர்ட் அன்டோனியோவுக்குப் பக்கத்தில் ஃபிரெஞ்ச்மன்ஸ் கோவ், அன்டிகுவாவில் கேர்ட்டன் பிளவ். சில அறைகள், நிறைய மரங்கள். ஆனால் அந்த விலை என்னிடம் வருகிற பஸ் சாரதிக்கும் தாதிக்கும் எட்டாது.

அதனால் இப்போது வயதானவர்களோடு போகிறவர்களுக்கு குவாதலூப்பைச் சொல்கிறேன். பாரிஸ் தமிழர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எங்கள் ரொறன்ரோச் சனத்துக்கு அந்தத் தீவு தெரியாது. 1854 டிசம்பர் 24ஆம் திகதி 'ஒரேலி' என்ற கப்பல் இந்தியக் கூலித் தொழிலாளரின் முதல் தொகுதியை அங்கே இறக்கியது. 1889 வரை 42,000க்கு மேற்பட்டோர் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைகளில் ஏறிய தமிழர் அதில் ஏராளம். அவர்கள் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று 1904இலிருந்து வழக்காடிய ஹென்றி சிதம்பரம் 1923இல்தான் வென்றார். கிளப் மெட் விடுதி இருப்பது சென்ட் ஆன் ஊரில். அடுத்த ஊர் சென் பிரான்சுவா. அந்தக் கடற்கரை ஊருக்கு 1989 முதல் நீண்ட காலம் மேயராக இருந்தவர் ஏர்னெஸ்ட் முத்துசாமி. கபெஸ்தேரில் வீதியோரமாக இந்துக் கோயில் நிற்கிறது. பேச்சில் தமிழ் போய்விட்டது. மாரியம்மன் வழிபாட்டுப் பாட்டில் மிச்சம் இருக்கிறது. ஒரே விலைக்குள் இருந்துவிட்டு வருகிறவர் இதில் ஒன்றையும் பார்க்காமல் திரும்பலாம் என்பதை நினைக்க எனக்குப் பொறுக்கவில்லை.

சித்தப்பாவுக்கு இந்தப் பங்குனிக்கு சென் பிரான்சுவாவில் ஒரு சிறிய விடுதி பார்த்திருக்கிறேன். மொன்றியலில் விமானம் மாற வேண்டும். மேடை இல்லை, கல்யாண மண்டபம் இல்லை. காலைச் சாப்பாடு மட்டும் விலைக்குள். பிள்ளைகள் முகம் சுளித்தார்கள், மத்தியானத்துக்கு என்ன செய்வது என்று. கடைத்தெருவில் மல்லி, சீரகம், கடுகு, மஞ்சள் அரைத்துப் போட்ட ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் கிடைக்கும் என்றேன். சித்தப்பா கேட்டது, கோயிலுக்கு எந்தக் கிழமை போனால் பூசை பார்க்கலாம் என்று.